முளையிலே காணும் கலை: பெருங்குடலைப் படம் பிடித்த வரலாறு

நகத்தால் கிள்ளி எறிய வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் வரையில் விட்டு வைக்கலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. தோட்டத்துச் செடியை நினைத்துச் சொன்ன சொல் அது. ஆயினும் மனித உடலின் ஓர் உறுப்பைப் பொறுத்த வரையில் அது எழுத்துக்கு எழுத்து மெய் என்பதை மருத்துவ உலகம் சென்ற நூறாண்டுக் காலத்தில் படிப்படியாகக் கண்டறிந்தது. அவ்வுறுப்பு பெருங்குடல்.

ஆண்டு மலர் என்றால் கோயில்களையும் காப்பியங்களையும் பற்றி எழுதுவதே வழக்கம். அவற்றினிடையே குடலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. பேசக் கூசுகின்ற உறுப்பு என்பதனாலேயே அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது அவசியமாகிறது. அதில் தோன்றும் ஒரு சிறு முளையைக் காண்பதற்காகப் பல நாட்டு அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். நம் பாரத நாட்டினர் அறிவும் அம்முயற்சியில் கலந்திருக்கிறது. அக்கதையைக் கூறி, அதனால் நம் குடும்பங்கள் பெறத்தக்க பயனையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முளையும் மரமும்

சிறுகுடல் முடியுமிடத்தில் தொடங்கி, வயிற்றின் வலப்புறத்தில் மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறத்தில் கீழிறங்கி, மலக்குடலில் முடிவது பெருங்குடல். அதன் நீளம் ஏறத்தாழ 5 அடி. நடுவயது கடந்தவர் பலருக்கு அதன் உட்சுவரில் சிறு சிறு சதைமுளைகள் தோன்றுவதுண்டு. டாக்டர்கள் இவற்றைப் 'பாலிப்' என்பார்கள். சில காளானைப் போலக் காம்புடன் நிற்கும். சில பருவைப் போலச் சுவரோடு ஒட்டியிருக்கும். வலியும் இராது, காய்ச்சலும் இராது. இருப்பதே தெரியாது. பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாமல் இருந்துவிடும். ஆனால் 'அடினோமா' என்னும் வகையைச் சேர்ந்த சில முளைகள் மெல்ல மெல்லப் பருத்து, பெரும்பாலும் பத்தாண்டு அளவில், புற்றாக மாறுகின்றன. பெருங்குடற் புற்றில் பெரும்பகுதி இவ்வாறு முளையிலிருந்து பிறப்பதேயாகும்.

இவ்வுண்மை ஒரே நாளில் தெளிந்ததன்று. லண்டன் நகரத்துச் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய கத்பர்ட் டியூக்ஸ் என்பவர், அறுவையில் எடுக்கப்பட்ட குடற்பகுதிகளை ஆராய்ந்து, 1932-ம் ஆண்டில் மலக்குடற் புற்றை மூன்று படிகளாகப் பிரித்தார். குடற்சுவருக்குள்ளே அடங்கியிருப்பது முதற்படி. சுவரைக் கடந்து வெளிப்பட்டது இரண்டாம் படி. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது மூன்றாம் படி. முதற்படியில் அறுவை பெற்றவர் பெரும்பாலும் பிழைத்தனர். படி ஏற ஏறப் பிழைத்தவர் தொகை குறைந்தது. அதே மருத்துவமனையில் அவருக்குப் பின் வந்த பேஸில் மார்சன், முளையே புற்றுக்கு முன்னோடி என்னும் கொள்கையை நிலைநாட்டினார். 1988-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர், மரபணுக்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் மாறுதல்களே முளையைப் புற்றாக்குகின்றன என்று காட்டினர்.

ரெயில்வேக் குடும்பத்தவர்க்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். கீமேன் நாள்தோறும் பாதை நெடுக நடந்து செல்வது எதற்காக? தண்டவாளத்தின் பழுது மயிரிழை விரிசலாக இருக்கும்போதே கண்ணிற் பட்டால், அத்துண்டை மாற்றுவதோடு காரியம் முடிந்துவிடும். முறிந்த பிறகு கண்டால் விபத்தைத்தான் காண வேண்டும். குடற்பாதைக்கும் அத்தகைய கீமேன் ஒருவன் தேவைப்பட்டான். அந்தப் பாதையோ உடலுக்குள்ளே, இருளில், வளைந்து வளைந்து செல்வது. அதற்குள் எவ்வாறு பார்ப்பது?

ஊடுருவும் ஒளி

ஜெர்மனியில் வுர்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் வில்ஹெல்ம் ராண்ட்கன், 1895-ம் ஆண்டு நவம்பர் 8-ம் நாள் எக்ஸ் கதிர்களைக் கண்டார். டிசம்பர் 22-ம் நாள் தம் மனைவியாரின் கையைப் படம் பிடித்தபோது, விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. 1901-ல் பௌதிகத்துக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட நோபல் பரிசு அவரையே சார்ந்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியதே தவிரக் குடலைக் காட்டவில்லை. குடலும் அதைச் சூழ்ந்த தசைகளும் கதிரை ஏறத்தாழ ஒரே அளவில் ஊடுருவ விடுவதால், படத்தில் ஒன்றையொன்று பிரித்தறிய முடியவில்லை. இதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த வால்ட்டர் கானன். 1896-ம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஆராய்ச்சியில் அவர் வாத்துக்கும் பூனைக்கும் உணவோடு பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்தார். கன உலோகமாகிய பிஸ்மத் கதிரைத் தடுப்பதனால், உணவு செல்லும் வழி நிழலாகத் தெரிந்தது. 1904-ல் மியூனிக் நகரத்து ஹெர்மன் ரீடர், பிஸ்மத் கலந்த கஞ்சியை மனிதர்க்கு ஊட்டிப் படமெடுத்தார். ஆனால் அவ்வுப்பு மிகுந்தபோது சிலருக்கு நஞ்சாயிற்று. 1910-ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் அதற்குப் பதிலாகப் பேரியம் சல்பேட்டைக் கொணர்ந்தனர். கரையக்கூடிய பேரியம் உப்புக்கள் கொடிய நஞ்சு. பேரியம் சல்பேட்டோ நீரில் கரையாது. ஆகவே உடலில் சேராமல் வந்த வழியே வெளியேறிவிடும். சுண்ணாம்புக் குழம்பு போன்ற இவ்வெண்ணிறப் பொருளே அடுத்த நூறாண்டுக்குக் குடலைக் காட்டும் விளக்காயிற்று.

பெருங்குடலைக் காண்பதற்குப் பேரியக் குழம்பை எனிமாவாக ஏற்றினார்கள். அதிலும் ஒரு குறை தோன்றியது. குடல் முழுவதும் வெள்ளைக் குழம்பு நிறைந்துவிட்டால், சுவரிலுள்ள சிறு முளை குழம்பில் மூழ்கி மறைந்துவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த ஏ. டபிள்யூ. ஃபிஷர் என்னும் மருத்துவர் 1923-ல் இக்குறையைப் போக்கினார். குழம்பைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டுக் காற்றை ஊதினார். சுவரில் மெல்லிய பூச்சாகப் பேரியம் ஒட்டியிருக்க, நடுவில் காற்று நிறைந்து குடல் விரிந்து நின்றது. வெள்ளையடித்த சுவரிலே சிறு புடைப்பும் கண்ணுக்குத் தெரிவது போல, முளைகள் படத்தில் தெரிந்தன. இதுவே இரட்டை வேற்றுமை முறை. பின்னர் ஸ்வீடன் நாட்டு மால்மோ நகரில் ஸ்வென் வெலின் இம்முறையை மிகவும் செம்மைப்படுத்தினார்.

ஃபிஷர் தம் முறையை வெளியிட்ட அதே 1923-ம் ஆண்டில், பிப்ரவரி 10-ம் நாள், ராண்ட்கன் மியூனிக் நகரில் காலமானார். அவர் உயிரைக் கொண்டு சென்றது குடலில் உண்டான புற்றுநோய். உடலின் உள்ளே காணும் ஒளியை உலகுக்கு அளித்தவருக்கே, அவ்வொளி குடலின் இருளை நீக்கும் காலம் பிந்திவிட்டது.

வளைந்து செல்லும் கண்

நிழலைப் பார்ப்பது ஒரு வழி. நேரே உட்சென்று பார்ப்பது மற்றொரு வழி. நேரான குழாயை மலவாய் வழியே செலுத்தினால் கடைசிப் பகுதியை மட்டுமே காணலாம். வளைவுகளில் ஒளி செல்ல வேண்டுமானால் ஒளியும் வளைய வேண்டும். இதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர். பஞ்சாபிலுள்ள மோகா என்னும் ஊரில் 1926-ல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, அதன் வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார். அவர்களது கட்டுரை 1954-ல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. 1957-ல் பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் இவ்விழைகளைக் கொண்டு இரைப்பையைக் காணும் வளைகுழாயைச் செய்தார்.

பெருங்குடல் முழுவதையும் இவ்வாறு காண்பது 1960-களின் இறுதியில் கைகூடியது. 1969-ல் நியூயார்க் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்னும் இருவர், கொலனாஸ்கோப் குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கைச் செலுத்தி, முளையின் காம்பில் மாட்டி, மின்சாரத்தால் சுட்டு அறுத்தெடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்காமல் முளையைக் களையும் காலம் அன்று பிறந்தது. நம் முன்னோர் சொன்ன நகம் இதுவேயன்றோ!

எனினும் இம்முறைக்கும் தடைகள் இருந்தன. நீண்ட குழாய் உடலுக்குள் செல்ல வேண்டும். பல நாடுகளில் மயக்க மருந்து கொடுப்பது வழக்கம். தேர்ந்த கைகள் வேண்டும். அரிதாகக் குடலில் துளை விழும் ஆபத்தும் உண்டு. அச்சத்தினாலும் நாணத்தினாலும் வர மறுப்பவர் பலர். ஆகவே உட்செல்லாமலே உட்புறத்தைக் காண முடியுமா என்ற வினா எழுந்துகொண்டேயிருந்தது.

வட்ட வட்டமாய் நறுக்கிப் பார்த்தல்

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. லண்டனில் இசைத்தட்டுக்களுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. குடியானவர் குடும்பத்துப் பிள்ளை. பல்கலைக் கழகப் பட்டம் பெறாதவர். ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிரால் அளந்து, அவ்வளவுகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், அப்பொருளை அறுக்காமலே அதன் குறுக்குவெட்டைக் கணக்கிட்டு வரைந்து காட்டலாம் என்று அவர் கருதினார். சாம்பாருக்கு முள்ளங்கியை வட்ட வட்டமாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் உட்புறம் தெரிகிறதல்லவா? கத்தியின்றி அவ்வாறு நறுக்கிப் பார்ப்பதே சி.டி. ஸ்கேன்.

சோதனைச் சாலையில் அவர் எடுத்த முதற்படத்துக்கு அளவெடுக்க 9 நாட்கள் பிடித்தன. கணக்கிடுவதற்குக் கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம் தேவைப்பட்டது. 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் நாள் லண்டனைச் சேர்ந்த அட்கின்ஸன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. இதே கணக்கைத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் தனியே சிந்தித்து, 1963, 1964-ம் ஆண்டுகளில் வெளியிட்டிருந்தவர் ஆலன் கார்மக். அப்போது அதைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1979-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் தமிழர் மகிழ்ந்து நினைவுகூர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1952 முதல் பௌதிகத் துறைக்குத் தலைமை வகித்துப் பெரும் புகழ் பெற்ற ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன் என்பவருடன் சேர்ந்து 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளுருவத்தைத் திரும்பக் கட்டுவதற்கு எளிய, விரைவான கணித வழியை அது காட்டியது. இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் சேர்த்து 'ராம்-லாக்' என்று இன்றும் உலகெங்கும் அக்கணிதத்தைக் குறிப்பிடுகிறார்கள். இவ்வழியில் வந்த கணித முறைகளே பல பத்தாண்டுகள் சி.டி. கருவிகளில் ஆட்சி செய்தன.

தொடக்கத்தில் தலையை மட்டும் கண்ட கருவி, 1970-களின் இடைப்பகுதியில் உடல் முழுவதையும் காணத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு வில்லைக்கும் நோயாளி மூச்சடக்க வேண்டும். மூச்சுக்கு மூச்சு குடல் இடம் பெயரும். 1989-ல் ஜெர்மனியின் வில்லி காலண்டர், கருவி சுழன்றுகொண்டேயிருக்க, மேசை நகர்ந்துகொண்டேயிருக்கும் சுருள் முறையை அறிமுகப்படுத்தினார். முறுக்குச் சுற்றுவது போலத் தொடர்ந்து சுற்றியதால், வயிறு முழுவதையும் ஒரு மூச்சுக்குள் அளக்க முடிந்தது. குடலைப் பார்க்க விரும்பியவர்களுக்கு இதுவே திறவுகோலாயிற்று.

கம்ப்யூட்டருக்குள் ஒரு பயணம்

சி.டி. முறையால் பெருங்குடலைச் சோதிக்கலாம் என்ற எண்ணத்தை ஜீன் காயின் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 1983-லேயே வெளியிட்டிருந்தனர். அதற்கேற்ற கருவி அப்போது இல்லை. 1994-ல் வடகரோலினா மாநிலத்து வின்ஸ்டன்-சேலம் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் டேவிட் வைனிங் என்பவர், சுருள் முறையில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கி, குடலின் உட்புறத்தைக் குகை போல உருவாக்கி, அக்குகைக்குள் பறந்து செல்வது போன்ற படத்தை மருத்துவர் மாநாட்டில் காட்டினார். கண்டோர் வியந்தனர். 'மெய்ந்நிகர் கொலனாஸ்கோப்பி' என்றும் 'சி.டி. கொலனோகிராபி' என்றும் அதற்குப் பெயர்கள் அமைந்தன.

சோதனை நடக்கும் விதம் இது. முந்திய நாள் இலகுவான உணவும் பேதி மருந்தும் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்கிறார்கள். எஞ்சியுள்ள கழிவைக் குறியிட்டுக் காட்டுவதற்காகச் சிறிதளவு பேரியம் அல்லது அயோடின் கலந்த மருந்தைக் குடிக்கச் செய்வர். படத்தில் கழிவு வெண்மையாகவும் முளை சதை நிறமாகவும் தெரியும். பின்னர் மெல்லிய குழல் ஒன்றை மலவாயில் சற்றே செருகி, கரியமில வாயுவையோ காற்றையோ செலுத்திக் குடலை விரிப்பார்கள். மல்லாந்து படுக்கச் செய்து ஒரு முறையும், குப்புறப் படுக்கச் செய்து ஒரு முறையும் படமெடுப்பார்கள். எதற்காக இரு முறை? கழிவும் நீரும் உடலைத் திருப்பினால் இடம் மாறும். முளை தன் இடத்தை விட்டு அசையாது. அசைந்தது கழிவு, அசையாதது முளை என்று பெரும்பாலும் அறியலாம். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை; எழுந்து தம் அலுவலைப் பார்க்கச் செல்லலாம்.

இதன் வசதியை உலகம் கவனித்தது வேடிக்கையான ஒரு நிகழ்ச்சியினால். 2002-லும் 2007-லும் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கொலனாஸ்கோப்பி செய்துகொண்டபோது, மயக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் தம் அதிகாரத்தைத் துணை ஜனாதிபதியிடம் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமா அதே சோதனையைச் சி.டி. முறையில் செய்துகொண்டார். மயக்கமும் இல்லை, அதிகார மாற்றமும் இல்லை. அவர் படமெடுத்துக்கொண்ட பெதஸ்டா கடற்படை மருத்துவமனையிலேதான், 1985 ஜூலையில் ஜனாதிபதி ரேகனின் பெருங்குடலில் புற்றாக மாறியிருந்த ஒரு பெரிய முளை கண்டுபிடிக்கப்பட்டு, குடலில் ஒரு பகுதியும் அறுத்தெடுக்கப்பட்டது.

வழக்கும் தீர்ப்பும்

புதிய முறையை மருத்துவ உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை, அதுவே நியாயம். 2003-ல் பெர்ரி பிக்ஹார்ட் என்பவர் தலைமையில் நோய்க்குறி எதுவுமில்லாத 1,233 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரே நாளில் சி.டி. முறையும் கொலனாஸ்கோப்பியும் செய்தார்கள். குழாய் செலுத்தும் மருத்துவர் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து முடித்த பிறகே சி.டி. கண்டதை அவருக்கு வெளியிட்டனர். அவர் திரும்பவும் தேடிப் பார்த்தார். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அடினோமா முளை உடையவர்களில் 100-க்கு 93.8 பேரைச் சி.டி. கண்டுபிடித்தது, முதற்பார்வையில் கொலனாஸ்கோப்பி கண்டது 87.5 பேரையே. நிழற்படம் நேர்ப்பார்வையை விஞ்சிவிட்டது!

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறு ஆண்டே, 9 மருத்துவமனைகளில் 615 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அதில் 10 மில்லிமீட்டர் முளைகளை உடையவர்களில் சி.டி. கண்டது 100-க்கு 55 பேரை மட்டுமே. ஒரே முறை ஓரிடத்தில் பொன்னாகவும் மற்றோரிடத்தில் பித்தளையாகவும் தோன்றியது ஏன்? கருவியின் தரம், கழிவைக் குறியிடும் மருந்து, படத்தைப் பார்க்கும் முறை, பார்ப்பவரின் பயிற்சி ஆகியவற்றில் வேறுபாடு இருந்தது. கருவி தானே எதையும் காண்பதில்லை. பழகிய கண்ணே காண்கிறது.

இப்பாடத்தை மனத்திற்கொண்டு, 15 மருத்துவ நிலையங்களில் ஏறத்தாழ 2,600 பேரைக் கொண்டு அடுத்த ஆராய்ச்சியை நடத்தினர். படம் பார்க்கும் மருத்துவர்கள் முதலில் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்தனர். 2008-ல் முடிவு வெளியானபோது, பெரிய முளை உடையவர்களில் 100-க்கு 90 பேரைச் சி.டி. கண்டிருந்தது. அதே ஆண்டில் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் முதலிய அமைப்புக்கள், ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்துகொள்ளத்தக்க சோதனையாக இதனை ஏற்றன. 2013-ல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி, நோய்க்குறியுடன் வந்த 3,838 பேரில் பேரியம் எனிமாவையும் சி.டி. முறையையும் ஒப்பிட்டது. புற்றோ பெரிய முளையோ கண்டது, பேரியத்தால் 100-க்கு 5.6 பேரிடத்தில்; சி.டி. முறையால் 7.3 பேரிடத்தில்.

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர், 2009-ல் இச்சோதனைக்குப் பணம் தர மறுத்தது. 2025 ஜனவரி 1 முதல் அதனை ஏற்றுக்கொண்டது. அதே ஆணையில், இச்சோதனைப் பட்டியலிலிருந்து பேரியம் எனிமா நீக்கப்பட்டது. ஃபிஷர் காற்றை ஊதி நூறாண்டு கடந்த பின், மூத்த விளக்கு அணைந்து புதிய விளக்கு அவ்விடத்தில் ஏற்றப்பட்டது எனலாம்.

காண்பதும் களைவதும்

சி.டி. முறையின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அது காணும், களையாது. பெரிய முளை தென்பட்டால் கொலனாஸ்கோப்பி செய்தே அதை அகற்ற வேண்டும். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றையும், சுவரோடு தட்டையாகப் படிந்தவற்றையும் அது தவறவிடக்கூடும். எக்ஸ் கதிரின் அளவு குறைவாயினும் இல்லாமற் போகாது. பேதி மருந்தின் தொல்லையும் இதில் நீங்கவில்லை. மற்றொரு புறம், குடலுக்கு வெளியேயுள்ள இரத்தக்குழாய் வீக்கம் முதலியனவும் அதே படத்தில் தென்படுவதுண்டு. குழாய் செலுத்த இயலாத முதியோர்க்கும், குழாய் முழுத் தொலைவு செல்ல முடியாமல் நின்றுவிட்டவர்க்கும் இது பெருந்துணை. ஜப்பான் முதலிய நாடுகளில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருப்பவர்க்கு மட்டும் மேற்சோதனை செய்கிறார்கள். செலவு குறைந்த நல்ல வழி அது.

நமக்கு உரியது

நம் நாட்டில் இந்நோய் மேலை நாடுகளில் உள்ளதைவிடக் குறைவே. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுக்கு அரசின் சோதனைத் திட்டம் இருப்பது போலப் பெருங்குடலுக்கு நாடு தழுவிய திட்டம் இல்லை. ஆகவே நல்ல உடலோடு இருப்பவர் எல்லோரும் ஸ்கேன் நிலையத்துக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலத்தில் இரத்தம் காண்பவர், வாரக்கணக்கில் மலப்போக்கு மாறியிருப்பவர், காரணமின்றி உடல் மெலிந்து இரத்தம் குன்றியவர், பெற்றோர் உடன்பிறந்தாரில் இந்நோய் கண்டவர் ஆகியோர் டாக்டரிடம் செல்லாதிருப்பது பெருந்தவறு. எந்தச் சோதனை வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார்.

நம்மவரோ இரத்தம் கண்டவுடன், "மூலச்சூடு, மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்று தாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலமா முளையா என்பதை மோர் அறியாது, பார்த்தால்தான் தெரியும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. சொந்த ஊரில் தமிழில் சொல்லவே நாக்கூசும் செய்தியை, இங்கே வேற்று மொழியில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் காலனித் தாய்மார் பலர் டாக்டரிடம் செல்லும்போது, மொழி தெரிந்த பள்ளிச் சிறுவனையோ சிறுமியையோ துணைக்கு அழைத்துச் செல்கிறார்கள். பெற்ற பிள்ளையின் வாயால் இதைச் சொல்ல வைப்பது எப்படி என்று தயங்கி, "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நூறாண்டு ஆராய்ச்சி கட்டித் தந்த வாசல், சொல்லப்படாத ஒரு சொல்லால் அடைபட்டுக் கிடக்கிறது.

இதனைத் திறப்பது நம் சங்கத்தால் இயலும் காரியம். மாதர் பிரிவில் மொழியறிந்த சகோதரிகள் இருவர், தேவைப்படும் குடும்பத்தாருடன் மருத்துவமனைக்குத் துணையாகச் செல்ல முன்வரலாம். நோய்க்குறிகளைத் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் எழுதிய ஒரு சீட்டைச் சங்கம் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாம். வாயால் சொல்லக் கூசுவோர் அதைக் காட்டினாலே போதும். ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே பேசச் செய்யலாம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

அடுத்த ஆண்டு விழாவுக்குள் இச்சீட்டாவது அச்சேறுமாயின், இக்கட்டுரை எழுதிய பயன் கைகூடியதாக எண்ணி மகிழ்வேன். அன்பர்கள் நோயின்றி நீடு வாழ்க! நம் சங்கம் வளர்க!